சக்கரத்தில் இருந்த சிவப்புப் பொட்டு

போன சனிக்கிழமை காலை பத்து மணி. எங்கள் வீட்டு வாசலில், ஓர் இரும்புக் குழாயின் மேல் நானும் என் வீட்டுக்காரரும் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தோம்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

கோத்தா திங்கியில் ஆற்றோரம் என் நாத்தனார் வீடு. போன வருஷ வெள்ளத்தில் இரண்டு நாள் பக்கத்து வீட்டு மாடியில் கிடந்தாள், பாவம். எங்கள் கார் அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட்டது. அன்றிலிருந்து இவருக்கு ஒரே பிடிவாதம் – தண்ணீரில் இறங்குகிற வண்டி ஒன்று வேண்டும். ஏதோ உயரமான ஜீப் வாங்கப்போகிறார் என்று நினைத்தேன். மனுஷர் ஒரு பழைய ராணுவ லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு எங்கள் ஊரான கூலாய்க்கு வந்து சேர்ந்தார்!

செம்பனைத் தோட்டத்தில் பல வருஷம் மழையில் நின்ற லாரி. இன்ஜினை எப்படியோ உயிர்ப்பித்துவிட்டார். டயர்தான்... பாளம் பாளமாக வெடித்திருந்தது. காற்று அடித்தால் நிற்கும், ஓட்டினால் போய்விடும். மழைக்காலமோ வாசலுக்கு வந்தாயிற்று. நான்கையும் மாற்றியே ஆகவேண்டும்.

முன்பக்கத்து இடது சக்கரத்தில் ஆரம்பித்தார். அதில் இரண்டு வட்டமாக நட்டுகள். உள்ளே ஒரு வட்டம், வெளியே ஒரு வட்டம். எது கைக்கு வாகாக இருக்கிறதோ அதில்தானே நாம் ஆரம்பிப்போம்? வெளிவட்டத்தில் ஸ்பேனரை மாட்டினார்.

துரு என்றால் அப்படி ஒரு துரு. ஸ்பிரே அடித்தார். ஊறவிட்டார். சுத்தியலால் தட்டினார். ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகித் தொங்கியும் பார்த்தார். ம்ஹூம்! “இந்தத் துரு நாசமாப் போக!” என்று நான் வாய்விட்டே திட்டினேன்.

“திட்டினது போதும், இங்க வா லா. நீயும் ஏறி நில்லு.”

“என் வெயிட்டுக்கு இன்னிக்காவது ஒரு மரியாதை வந்துச்சே!” என்று ஏறினேன். இருவரும் சேர்ந்து குதித்தோம். கிர்ரீச்... நட்டு அசைந்தது! கைதட்டிச் சிரித்தோம்.

அந்த நேரம் பார்த்து மொகிதீன் பாயின் வேன் வந்து நின்றது. பாய் டயர் கடைக்காரர். இவருடைய இருபது வருஷ சிநேகிதர். புது டயர்களைக் கொண்டுவந்திருந்தார்.

“யா அல்லா! எறங்குங்க! ரெண்டு பேரும் கீழ எறங்குங்க!”

பாய் கத்தி நான் கேட்டதே இல்லை. குழாயிலிருந்து குதித்து இறங்கினோம். எங்கள் இருவரையும் சக்கரத்துக்கு நேராக நிற்கவிடாமல் ஓரமாக இழுத்தார்.

“இதுல காத்து இருக்கா, ராஜன்?”

“நேத்துத்தான் அடிச்சேன், பாய். கழட்டி உங்க வேன்கிட்ட உருட்டிக்கிட்டு வரணுமே.”

பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இது ஒரே துண்டு வீல் இல்ல. ரெண்டு பாதி. இந்த வெளிநட்டுதான் ரெண்டையும் சேத்துப் புடிச்சிருக்கு. காத்தோட கழட்டினா முன்பாதி பிச்சுக்கிட்டு நேரா மூஞ்சிக்கு வரும். ஆளு மிஞ்ச மாட்டான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “எனக்கு ஒன்னுதான் வெளங்கல. தொடாதேன்னு இந்த நட்டுக்கு மட்டும் சிவப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்களே... இதுல ஏன் சில்வர்?” என்றார்.

சாவியால் ஒரு நட்டைச் சுரண்டினார். சில்வருக்கு அடியில் சிவப்பு.

சில்வர் அடித்தது யார்? சாட்சாத் நான்தான்!

லாரி வந்த இரண்டாவது வாரம் ஆயுத பூஜை. தேய்த்துக் கழுவி, சக்கரங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வெளிநட்டுகளில் மட்டும் மங்கலாகச் சிவப்பு இருந்தது. நமக்கு என்ன தோன்றும்? டிராக்டரிலிருந்து புல்வெட்டும் மெஷின்வரை பொட்டு வைக்கிற ஆட்கள் நாம். எந்தத் தோட்டத்து டிரைவரோ எப்போதோ வைத்த குங்குமம் என்று முடிவே கட்டிவிட்டேன். பழைய பொட்டு எதற்கு என்று அதன்மேல் சில்வரை இழுத்துவிட்டு, சக்கரத்தின் நடுவில் புதுச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டேன். நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள் வேறு!

இதை அவர்கள் இருவரிடமும் சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அந்த நட்டுகள் சுலபமாகக் கழன்றிருந்தால்? காலையெல்லாம் நான் சபித்த துருதானே இவரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது!

“அழாத லா. பாரு, என் மூக்கு எடத்துலதான் இருக்கு,” என்றார் இவர்.

பிறகு எல்லாம் பாயின் முறைப்படி. லாரியை ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து நிறுத்தினார். வால்வின் உள்ளே இருக்கும் ஊசியைக் கழற்றினார். உஸ்ஸென்று காற்று போகிற சத்தத்தை அன்றுபோல் நான் ரசித்துக் கேட்டதே இல்லை. டயர் முழுக்கச் சப்பையான பிறகுதான் உள்வட்டத்து நட்டுகளைத் தொட்டார். அதுவும் வலது பக்கமாகத் திருகிக் கழற்றினார். இடப்பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாம்! நட்டுகள் கழன்ற பிறகும் துருப்பிடித்த சக்கரம் அச்சை விடவில்லை. மரக்கட்டையை வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்ததில் தொப்பென்று விழுந்தது. அதற்கப்புறம்தான் அந்த வெளிநட்டுகள். இரும்போடு ஒட்டிக்கிடந்த டயரைச் சோப்புத் தண்ணீர் ஊற்றி, கடப்பாறையால் நெம்பி நெம்பிப் பிரித்தெடுக்க மத்தியானம் மூன்றாகிவிட்டது. மீதி மூன்றும் ஞாயிற்றுக்கிழமை முடிந்தன.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்கு ஃபோன் போட்டு, “லாரி ரெடி. மழை வந்தா பயப்படாத,” என்றார் இவர். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் எனக்கு அப்போதுதான் இறங்கியது.

நான் கடைக்குப் போய்ச் சின்ன டப்பாவில் சிவப்பு பெயின்ட் வாங்கிவந்தேன். வெளிவட்டத்தில் ஒரு நட்டு விடாமல் அடித்துக்கொண்டிருந்தேன். இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

“பாத்து அடி. அது லாரியோட பொட்டு இல்ல. ஒன்னோடது.”

இரண்டு கோட் அடித்தேன்.