ஆம்லெட் போட்டுக் கொடுத்தவனை எப்படிக் கேட்பது?

"மதியச் சோறு சூடா வேணும்."

போன ஞாயிற்றுக்கிழமை ஷார்ஜாவில் எங்கள் லேபர் கேம்ப் மெஸ் ஹாலில் நடந்த மீட்டிங்கில் முருகேசன் அண்ணன் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். எதிரே கேம்ப் பாஸ். அவர் பக்கத்தில், சாப்பாட்டு கான்ட்ராக்ட் எடுத்த கம்பெனியின் மேனேஜர். "ஏதாவது கம்ப்ளெய்ன்ட் இருக்கா?" என்று பாஸ் கேட்டார்.

அண்ணன் எழுந்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சிநேகமாகச் சிரித்தார்.

"மாஃபி ப்ராப்ளம், சார்."

ஒரு பிரச்சினையும் இல்லை என்று அரபி கலந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்! கலாஸ். மீட்டிங் முடிந்தது.

பின்வரிசையில் இருந்த எங்கள் ரூம் தங்கராஜ் என் காதருகே சொன்னான்: "இதுக்கா கை தூக்குனோம்?"

தங்கராஜ் கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன். வயிற்றில் அல்சர். எங்கள் மதியச் சாப்பாடு விடிவதற்கு முன்பே டப்பாவில் ஏறி, எங்களோடு பஸ்ஸில் வந்து, சைட்டில் வெயிலோடு வெயிலாகக் காத்திருக்கும். மதியம் மூடியைத் திறந்தால் புளித்த வாடை. மற்றவர்கள் ஊறுகாயைக் குழைத்து எப்படியோ உள்ளே தள்ளிவிடுகிறோம். அவனால் முடியாது. குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்து லபான் மோரில் நனைத்துத் தின்றுவிட்டு மறுபடி மேலே ஏறுகிறான். "மேல நிக்கிறப்ப கண்ணு இருட்டுது" என்று ஒருநாள் சொன்னான். எவ்வளவு உயரத்தில் நிற்கிறான் என்று அண்ணாந்து பார்த்தவன் நான். அதன் பிறகு அந்தப் பக்கம் பார்ப்பதையே தவிர்க்கிறேன்.

சோற்றைப் பதினொரு மணிக்கு ஆக்கி, வேனில் சைட்டுக்கு அனுப்பினால் தீர்ந்தது. கான்ட்ராக்ட் கம்பெனிக்கு ஒரு வேன், ஒரு டிரைவர் கூடுதல் செலவு. அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கேட்பதற்கென்றே முருகேசன் அண்ணனை மெஸ் கமிட்டிக்கு அனுப்பினோம். பெரம்பலூர்க்காரர், ஷட்டரிங் கார்பென்டர், என் ரூம்மேட். அவர் சத்தம் போட்டால் ஃபோர்மேனே ஒதுங்கிப் போவார். தேர்தல் மெஸ் ஹாலில்தான் நடந்தது. அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக எல்லோருக்கும் சிக்கன் ஃப்ரை. சப்புக்கொட்டிக்கொண்டே கை தூக்கினோம். தற்செயல் என்று நினைத்தோம்...

மறுநாள் காலையில் அண்ணனின் தட்டில் மட்டும் ஒரு ஆம்லெட் வந்தது. அதற்கடுத்த நாளும். பிறகு எங்கள் கிரிக்கெட் டீமுக்குப் புது ஜெர்சி வந்தது, முதுகில் சாப்பாட்டுக் கம்பெனியின் பெயரோடு. கேப்டன் யார்? அண்ணன்தான்.

இதில் அமெரிக்கா எங்கே வந்தது என்கிறீர்களா? வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான். சைட்டில் டைம்கீப்பர். அதனால் ரூமில் உலகச் செய்தி வாசித்து விளக்கும் டியூட்டியும் என்னுடையதே. அமெரிக்க அரசியலைப் பற்றி இந்தப் பத்தியில் எழுதும்போதெல்லாம், "ஷார்ஜாவில் உட்கார்ந்து அமெரிக்காவைத் திருத்தப் போகிறாயா?" என்று யாராவது கேட்டு எழுதுகிறீர்கள். நியாயம்தான். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனால் அங்கே ஒரு கையெழுத்து விழுந்தால் எண்ணெய் விலை ஆடுகிறது, இங்கே ஒரு சைட் மூடுகிறது. ஓட்டு இல்லாதவனுக்கு ஒரு கவலைகூடவா இருக்கக் கூடாது?

மீட்டிங் முடிந்த அன்று சாயங்காலம் மொபைலில் அமெரிக்கத் தேர்தல் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கட்டிலில் படுத்தபடி கேட்டார், மீட்டிங் பேச்சை யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று.

"அங்கயும் கம்பெனிக்காரன் காசு குடுப்பானா தம்பி?"

"குடுப்பான்ணே. பல பேரு ரெண்டு கட்சிக்கும் குடுப்பான்."

"தோக்குறவனுக்குமா? கிறுக்குப் பயலா இருக்கானே!"

"யார் ஜெயிச்சாலும் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கணும்ல?"

ரூமே சிரித்தது. தங்கராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "அங்க ஆம்லெட்டும் போடுவானா?" என்றான்.

அண்ணன் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். "டேய், நான் அவன்கிட்ட அஞ்சு பைசா வாங்குனேனா? சொல்லு!"

"இல்லண்ணே."

"கேக்காதன்னு அவன் என்கிட்ட சொன்னானா?"

"அதுவும் இல்ல."

"பின்ன?" அண்ணனின் குரல் இறங்கிவிட்டது. "காலையில வாய் நிறைய கூப்புட்டு தட்டுல வைக்கிறான்டா. மத்தியானம் அவன் எதுக்க நின்னுக்கிட்டு உன் சோறு ஊசிப்போச்சுன்னு எப்படிடா சொல்றது?"

சாப்பிட்ட வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். கல்யாணப் பந்தியில் சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும் "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள். நல்ல பழக்கம்தான். அந்த நல்ல பழக்கத்தைத்தான் அந்த மேனேஜர் ஒரு முட்டையை உடைத்து விலைக்கு வாங்கிவிட்டார்.

அமெரிக்காவிலும் இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே சட்டம் பேரத்தைத் தேடுகிறது. காசைக் கொடுத்து 'இதைச் செய்' என்று சொன்னதற்குச் சாட்சி உண்டா என்று கேட்கிறது. யார் அப்படிச் சொல்லப் போகிறார்கள்? விருந்து, நன்கொடை, பதவி முடிந்ததும் கம்பெனியில் ஒரு நாற்காலி — எல்லாமே சிநேகமாக நடக்கிறது. கடைசியில் மருந்து விலையைப் பற்றிப் பேச வேண்டியவர் எழுந்து நின்று... "மாஃபி ப்ராப்ளம்."

கூச்சத்தை எந்தச் சட்டம் பிடிக்கும்?

பிடிக்க முடியாது. அதனால்தான் தட்டு வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்கிறேன். கம்பெனிப் பணம் தேர்தல் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. சாதாரண ஜனங்கள் தரும் சின்னச் சின்னத் தொகையும் அரசாங்கப் பணமும் போதும். பதவியை விட்டவர் தான் கண்காணித்த கம்பெனியில் சில வருடங்களுக்காவது வேலைக்குச் சேரக் கூடாது. யாரோடு உட்கார்ந்து பேசினார் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் அவர்களுக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் இந்தச் சட்டத்துக்குக் கை தூக்க வேண்டியவர்களில் எத்தனை பேர் காலையில் ஆம்லெட் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள்... அங்கேதான் எனக்கு நம்பிக்கை தேய்ந்துபோகிறது.

எங்கள் ரூமிலும் ஒரு விதி போட்டுப் பார்த்தேன். "கமிட்டி ஆளு மெஸ்ல தனியா எதுவும் வாங்கக் கூடாதுண்ணே." அண்ணன் தலையாட்டினார். "சரிதான் தம்பி. ஜெர்சிய மட்டும் திருப்பிக் குடுக்க வேணாம், பசங்க வருத்தப்படுவானுங்க."

செவ்வாய்க்கிழமை மதியம், சைட். வழக்கமான நிழல், வழக்கமான வாடை. தங்கராஜ் டப்பாவைத் திறந்தான், மூடினான், குப்பூஸை எடுத்தான். எதிரே அண்ணனும் டப்பாவைத் திறந்தார். சோற்றின் மேல் மடித்து வைத்த ஆம்லெட். அவர் கேட்கவில்லையாம், அவர்களே வைத்துவிட்டார்களாம்.

அண்ணன் டப்பாவைத் தங்கராஜ் பக்கம் தள்ளினார். "வெறும் வயித்தோட மேல ஏறாதடா. இதத் தின்னு."

தங்கராஜ் அதைத் திருப்பித் தள்ளினான். கோபமே இல்லாமல் சொன்னான்:

"வேணாம்ணே. அடுத்த மீட்டிங்ல பேசறதுக்கு ஒரு வாயாவது வேணும்ல?"

லபானைக் குடித்து முடித்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சாரத்தில் ஏறினான். அண்ணன் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

வாஷிங்டனில் யாராவது இப்படி ஒரு தட்டைத் தள்ளி வைத்ததாகக் கேள்விப்பட்டால் சொல்லுங்கள்... பசியோடு மேலே ஏறுகிறவனுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேண்டும்.