நகர்ந்துவிட்ட ஸட்ஜமம்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். மேற்கத்திய இசைத் தேர்வில் ஏற்கெனவே தோற்றிருந்தேன். மறுபடியும் தோற்றால் வேலை இல்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

என் காலை வாரியது ஒரே கேள்விதான். இசைத்தாளைக் கொடுத்து, பாட்டு எந்த இடத்தில் வேறு சுருதிக்குப் போகிறது என்று கேட்பார்கள். சின்ன வயதிலிருந்து கர்நாடக சங்கீதம் பாடியவள் நான். தொடங்கிய ஸட்ஜமம், அந்த ஆதார 'ஸ', கடைசிவரை நகராது என்றே பழகிய காது. எவ்வளவு பார்த்தும் மாறிய இடம் பிடிபடவில்லை. ஒருநாள் கீபோர்டின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதேன்.

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, அம்மா இறந்தபின் முதல்முறையாக வத்தலக்குண்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் நேராக அடுப்படிக்குள் நுழைந்து, காப்பி போட டம்ளரை எடுத்தேன். தம்பி மனைவி பதறி ஓடிவந்தாள்.

"வந்த எடத்துல நீங்க எதுக்கு அண்ணி சிரமப்படுறீங்க? போய் உக்காருங்க. செத்த நேரத்துல நான் கொண்டாரேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதே அடுப்படி, அதே டம்ளர். நான் விருந்தாளி.

திரும்பும் பஸ்ஸில் பழைய கேள்வித்தாளைப் பிரித்தேன். அதிலிருந்த பாட்டின் நடுவில், இரண்டு சுருதிக்கும் பொதுவான கார்ட் ஒன்று, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, இருந்தது. அதன் சுரங்கள் அப்படியே இருக்க, எந்தச் சுருதிக்குச் சொந்தம் என்பது மட்டும் மாறியிருந்தது. சட்டென்று அதன்மேல் விரல் வைத்துவிட்டேன்.

தேர்வில் தேறினேன். வேலையும் நிலைத்தது. பஸ்ஸில் பார்த்த அந்தப் பாட்டு கடைசியில், தொடங்கிய சுருதிக்கே திரும்பிவிடும். வகுப்பில் வாசித்துக் காட்டும்போது, அப்படித் திரும்பும் இடம் வருவதற்கு முன்பே என் கை நின்றுவிடுகிறது.