பேட்டரி இறங்கிய பாட்டு

நான் தாளைப் பார்த்து வாசிக்கிற ஆள். ஈப்போ தேவாலயத்தில் நோட்டுப் புத்தகம் வைத்துப் பழகியவன். சினிமாப் பாட்டாக இருந்தாலும் கேசட்டைப் பத்து முறை ஓட்டி, சுரம் சுரமாக எழுதிக்கொண்ட பிறகுதான் அக்கார்டியனைத் தோளில் மாட்டுவேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு, மறைப்பானேன்?

போன மாதம் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் கல்யாணம். மாப்பிள்ளையின் அக்கா பாக்கியம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர். தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். எங்கள் இசைக்குழுவிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — தம்பியின் விருந்தில் அவரே ஒரு பாட்டுப் பாட வேண்டும், நாங்கள் வாசிக்க வேண்டும்.

“தைப்பிங்லேருந்து பொண்ணு வீட்டுக்காரங்க வாராங்க. எல்லாம் படிச்சவங்க. என் மானத்தைக் காப்பாத்திருங்கண்ணே.”

எந்தப் பாட்டு என்று சொல்லி அனுப்பினார். நான் ஈப்போவில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். ஒத்திகைக்கு யாருக்கு நேரம்?

விருந்தன்று முன்னிசையைக் கச்சிதமாக வாசித்து முடித்தேன். பாக்கியம் ஆரம்பித்தார்... என் சுருதிக்கு ஒன்றரைக் கட்டை கீழே. வேகமோ, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நடப்பது போல.

தப்பு அவருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சரியான சுருதியைக் காட்டுகிறேன் பேர்வழி என்று அக்கார்டியனை இன்னும் இழுத்து முழக்கினேன். பாவம், பாட்டு நின்றே போனது. முன்வரிசையில் பெண் வீட்டு அம்மாள் ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

தபேலா வாசிக்கிற சலீம் அண்ணன் — மீ கோரேங் நூடுல்ஸ் கடைக்காரர் — என் பக்கம் சாய்ந்தார்.

“அந்தத் தாள மடிச்சு வைலா தம்பி. பாடுறது அவங்க, தாள் இல்ல.”

மடித்து வைத்தேன். “அக்கா, நீங்க தொடங்குங்க. நான் பின்னாலயே வாரேன்.”

அவர் என்னையே ஒரு கணம் பார்த்தார். நம்பலாமா என்ற பார்வை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். நான் ஒற்றை விரலால் தேடினேன். இங்கே இல்லை... இங்கேயும் இல்லை... அகப்பட்டது. சலீம் அண்ணன் அதற்குள் தாளத்தை நிதானமாக்கிவிட்டார்.

ஒவ்வொரு வரிக்கும் பிறகு பாக்கியம் நிதானமாக மூச்சு எடுத்தார். அந்த இடைவெளிக்கு நான் ஒன்றும் எழுதிவரவில்லையே, எதை வாசிப்பது? வேறு வழி தெரியாமல் அவர் பாடி முடித்த கடைசித் துண்டையே திருப்பி வாசித்தேன். அடுத்த தடவை அதையே கொஞ்சம் வளைத்தேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அடுத்த வரியை அவரும் வளைத்துப் பாடினார். நாற்பது வயதில், எழுதாத ஒன்றை நான் வாசித்தது அன்றுதான்.

பாட்டு முடிந்ததும் அந்தக் கைக்குட்டை அம்மாள் எழுந்து வந்து பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னொன்னு பாடுங்களேன்.” தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாப்பாட்டுப் பந்தியில் கேட்டேன் — ஏன் இவ்வளவு கீழே, இவ்வளவு மெதுவாக?

“வேலை முடிஞ்சு மத்தியானந்தான் பழகுனேன். லயத்து வீட்டுல அப்ப கரண்டு ஏதுண்ணே? டேப்புல பேட்டரி வீக்காயிரும். வெயில்ல காய வச்சுக் காய வச்சுப் போடுவேன். கேசட்டு இப்படித்தான் பாடுச்சு.”

ஆக, கேட்டதை இம்மியும் பிசகாமல் பாடியவர் அவர். கேட்காமலே வாசித்தவன் நான்!

நேற்று ரேடியோவில் அந்தப் பாட்டின் அசலைப் போட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது... என்ன, பாடுகிறவருக்கு ஏதோ பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.