அவித்த மா கறுக்காது

கொட்டாஞ்சேனை புளோறன்ஸ் ஒரு மா ஆலையின் ஆய்வுகூடத்தில் இருபது வருடம் வேலை செய்தவள். எவ்வளவு பெரியவரோடும் வாதாடுவாள். வாதாடி முடித்துத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுப்பாள்.

2007இல் புறக்கோட்டை நூடில்ஸ்காரர் பௌஸி, பிசைந்த மா விடிவதற்குள் சாம்பல் நிறமாகிறது என்று முறைப்பட்டார். கோதுமைக்குள் இருக்கும் ஒரு நொதியத்தின் வேலை அது. நொதியம் கூடவா குறைவா என்பதை, கோதுமை மணியின் மரபணுவில் உள்ள ஓர் அடையாளம் பரிசோதனைத் தகட்டில் கோடாக விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். ஆலை வாங்க இருந்த இரண்டு கோதுமைகளையும் புளோறன்ஸ் சோதித்தாள். முதலாவது கறுக்கும், இரண்டாவது கறுக்காது என்றாள்.

முதலாவதுதான் மலிவு. தலைமை இரசாயனவியலாளர் நாகேந்திரம் சிரித்தார்.

"ஒரு கோட்டைப் பார்த்துக் கப்பல் கோதுமையை வேண்டாம் எண்டு சொல்லேலுமே? பிசைஞ்சு நாளைக்குக் காட்டும். பிழைச்சா உந்த ரெஸ்ற்றை நிப்பாட்டுவம்."

அன்று செவ்வாய். யுத்த காலம்; ஆலையில் பாதுகாப்புச் சோதனை என்று எல்லோரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாவையும் பைகளில் கட்டிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் சோதனைச் சாவடிச் சிப்பாய் வெள்ளைத் தூளைக் கண்டு வெடிமருந்தோ என்று முழித்தான். "பாண் பிட்டி, மல்லி" என்றாள், பாண் மாதான் தம்பி என்பதைச் சிங்களத்தில். விட்டுவிட்டான்.

வீட்டில் தங்கை மாக்ரெட்டிடம், "ரெண்டையும் வேற வேறயாக் குழைச்சு மூடி வை" என்று சொல்லிவிட்டுக் கொச்சிக்கடைக் கோயிலின் செவ்வாய் நவநாள் பூசைக்கு ஓடினாள். அந்தோனியாரை விட்டால் யார் துணை?

மறுநாள் ஆய்வுகூடத்தில் திறந்தால் இரண்டு உருண்டையும் பால்வெள்ளை. நாகேந்திரம் சோதனைப் பதிவேட்டை மூடி வைத்தார். அதில்தான் புளோறன்ஸுக்கு அழுகை வந்தது. ஓர் உருண்டையை எடுத்து இழுத்தாள். இழுபடாமல் பொலபொலவென்று உடைந்தது.

"ஐயோ சேர், இது அவிச்ச மா!"

இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் கோதுமை மாவை அவித்து அரிப்பது வீட்டு வழக்கம். மாவைக் கண்டால் மாக்ரெட்டின் கை தானாக அடுப்பில் பானையை ஏற்றிவிடும். ஆவியில் நொதியம் செத்துப்போனது. பிறகு எங்கே கறுப்பது?

ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்த இரண்டு மாவையும் அங்கேயே, அவிக்காமல் பச்சையாகப் பிசைந்து மூடினாள். அடுத்த நாள் காலை முதலாவது சாம்பல், இரண்டாவது வெள்ளை. நாகேந்திரம் இரண்டாவது கோதுமைக்குக் கையெழுத்து வைத்தார். புளோறன்ஸுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அவருக்கு இடியப்பப் பார்சல் கொண்டுபோனாள். ஆறு இடியப்பம் உள்ளே போனது.

"நல்ல வெள்ளை. ரெண்டாவது கோதுமைதானே?"

"இல்லை சேர், நீங்க வாங்கப் பாத்தது. தங்கச்சி அவிச்சவள்."