மார்க்‌ஷீட்டில் என்ன வரும்?

நம் பிள்ளைகளுக்கு வெளிநாடு போய்ப் படிக்கத் தைரியம் இல்லை என்று யாராவது மேடையில் பேசினால் எனக்குக் கோபம் வரும். தெரியாமல் பேசுகிறார்கள். நானும் மூன்று வருடம் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு தன்னாட்சிப் பொறியியல் கல்லூரியில், தேர்வுப் பிரிவில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். தன்னாட்சி என்றால் கேள்வித்தாள் அடிப்பது முதல் மார்க்‌ஷீட் அச்சிடுவது வரை எல்லாம் கல்லூரியே செய்துகொள்ளும். கடைசியில் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் ஆனேன். மாணவர்கள் கேட்க வேண்டியதை மூன்றாம் எண் ஜன்னலில் வந்து கேட்பார்கள். நான் உள்ளே இருந்து பதில் சொல்வேன், பெரும்பாலும் ‘முடியாது’ என்று. அவர்கள் எனக்கு வைத்த பெயர் ‘அரியர் ஆத்தா’. அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

1. ஜன்னலில் ஒரு கேள்வி

தைவானில் ஒரு பல்கலைக்கழகத்தோடு எங்கள் கல்லூரிக்கு ஒப்பந்தம் இருந்தது. ஐந்தாவது செமஸ்டரை அங்கே போய்ப் படிக்கலாம். கட்டணம் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், விமான டிக்கெட்டும் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். இதைவிட என்ன வேண்டும்? மூன்று வருடம் சுற்றறிக்கை ஒட்டினோம். ஒருவரும் போகவில்லை.

பிரின்சிபால் கூட்டம் போட்டுக் காரணம் கேட்டார். “பெத்தவங்க விட மாட்டாங்க சார்” என்றார் ஒருவர். “இங்கிலீஷ் பயம்” என்றார் இன்னொருவர். “ஆசையே இல்ல சார் இந்த ஊரு பசங்களுக்கு” என்றேன் நான். எல்லோரும் தலையாட்டினார்கள். டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

நான்காவது வருடம் சௌமியா வந்தாள். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஊர். எலக்ட்ரானிக்ஸ், இரண்டாம் ஆண்டு. தைவான்காரர்கள் வீடியோவில் நேர்காணல் செய்து அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்லூரி ஒரு படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. இங்கே உள்ள எந்தப் பாடத்துக்குப் பதில் அங்கே எந்தப் பாடம் படிப்பாள் என்று கையெழுத்தும் முத்திரையும் போட்ட படிவம். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு கல்லூரிக்குப் போய்விடும்.

அவள் ஜன்னலுக்கு வந்தது செவ்வாய்க்கிழமை.

“மேடம், நான் அங்க போய்ட்டா இங்க அஞ்சாவது செமஸ்டர் மார்க்‌ஷீட்ல என்ன வரும்?”

“என்ன வரும்? பரீட்சை எழுதலைன்னா ஆப்சென்ட்னு வரும்.”

“ஆறு பேப்பர்லயுமா?”

“ஆறுலயும்தான்.”

“அப்ப ஆறு அரியர்.”

“ஆமா.”

அவள் அழவில்லை. சிரித்தாள். “அதாங்க மேடம் யாரும் போகல.”

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளின் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும்: எப்போதாவது அரியர் வைத்ததுண்டா? ‘ஆம்’ என்று போட்டால் உள்ளேயே விட மாட்டார்கள். தைவானில் முதல் மார்க் வாங்கினாலும் இங்கே ஆறு பாடத்தில் ஆப்சென்ட். இந்தக் கணக்கு கல்லூரியில் எல்லா மாணவர்களுக்கும் தெரிந்திருந்தது. கூட்டம் போட்டு டீ குடித்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

“யாரு உனக்கு இதெல்லாம் சொன்னது?”

“சீனியர்ஸ்ங்க. ரெண்டு வருசம் முன்னாடி அருள் அண்ணா செலக்ட் ஆகி, இங்க வந்து கேட்டாராம். நீங்க இதையேதான் சொன்னீங்களாம். அதோட விட்டுட்டாரு.” கொஞ்சம் தயங்கி, இன்னொன்றையும் சொல்லிவிட்டாள். “கடலைக்கூட தாண்டிடலாம், அந்த ஜன்னலைத் தாண்ட முடியாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க மேடம்.”

அரூர்ப் பக்கத்துப் பையன் அருள். ஒல்லியாக, கண்ணாடி போட்டு, இதே ஜன்னலில் இதே கேள்வியைக் கேட்டவன். நான் தலையைக்கூட நிமிர்த்தாமல் ‘ஆப்சென்ட்’ என்றேன். அவன் ‘தேங்க்ஸ் மேடம்’ என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ‘தேங்க்ஸ்’ இப்போதும் காதில் இருக்கிறது.

2. காப்பி அடித்தவனுக்கு ஒரு இடம்

மறுநாள் காலையில் தேர்வு மென்பொருள் கம்பெனிக்கு போன் போட்டேன். சேலத்திலிருந்து ஒரு பையன் எடுத்தான்.

“மேடம், ஒரு ஸ்டூடண்ட் பரீட்சைக்கு வரலைன்னா சிஸ்டத்துல நாலு ஆப்ஷன்தான். ஆப்சென்ட், வித்ஹெல்ட், டிஸ்கன்டினியூ, மால்பிராக்டிஸ்.”

“ஏம்பா, காப்பி அடிச்சு மாட்டினவனுக்கு உன் சிஸ்டத்துல எடம் இருக்குது. வெளிநாடு போய்ப் படிக்கிறவளுக்கு எடமில்லையா?”

“யாரும் கேக்கலையே மேடம்.”

“நான் கேக்கறேன்.”

“மெயில் போடுங்க, ரெண்டு நாள்ல வெச்சிடறேன்.”

அவ்வளவுதான்! மூன்று வருடமாக நின்ற மதில், ஒரு போன், ஒரு மெயில். எனக்கு வந்த சந்தோஷத்தைவிட ஆத்திரம் பெரிதாக இருந்தது.

ஆனால் மென்பொருள் மட்டும் போதாது, விதி வேண்டும். கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பதினேழாவது விதி: வேறு பல்கலைக்கழகத்தில் படித்த பாடங்களைத் துறைத்தலைவர், பிரின்சிபால், தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஆகியோர் ஒப்புதலுடன் இங்கே படித்ததாக எடுத்துக்கொள்ளலாம். பளிச்சென்று இருந்தது. அந்தப் புத்தகத்தை டைப் செய்தது யார்? நான். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்ததும் நான். ஒரு வரியும் மனதில் ஏறவில்லை.

புத்தகத்தோடு எலக்ட்ரானிக்ஸ் துறைத்தலைவரிடம் ஓடினேன். நான்கு பாடங்கள் சரியாகப் பொருந்தின. லேப் ஒன்றைத் திரும்பி வந்து விடுமுறையில் முடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஐந்தாவது பாடத்தில் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“நம்ம சிலபஸ்ல அஞ்சு யூனிட்டு. அவங்க நாலுதான் நடத்தறாங்க. தரம்னு ஒண்ணு இருக்குது மேடம்.”

“சார், போன வருசம் அந்த அஞ்சாவது யூனிட்ட நீங்க நடத்துனீங்களா?”

“என்ன கேள்வி இது?”

“ஆன்சர் பேப்பர் கட்டப் பிரிச்சது நான்தானே சார். அறுபது பேப்பர்ல ஒருத்தன்கூட அந்தக் கேள்விய தொடல.”

கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

3. அப்பா வந்தார்

வியாழக்கிழமை சௌமியாவின் அப்பா மாதையன் வந்தார். பட்டுப்புழு வளர்ப்பவர். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வந்தவர் அப்படியே கல்லூரிக்கும் வந்திருந்தார். “விட மாட்டேன்னு சண்டை போட வந்திருக்காரு” என்று அலுவலகத்தில் கிசுகிசுத்தார்கள். பிரின்சிபால் பக்குவமாகப் பேச ஆரம்பித்தார், பெண் கல்வி, பாதுகாப்பு என்று. மாதையன் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினார்.

“போவட்டுங்க சார். அவ போறத நான் எதுக்குத் தடுக்கறேன்? எனக்கு ஒண்ணுதானுங்க. திரும்பி வந்தா வருசம் வீணாவாதுன்னு எழுதிக் குடுங்க.”

“அதெல்லாம் பாத்துக்கலாம்ங்க.”

“வாயில சொல்றது வேணாமுங்க. தைவான் போயிருக்குதுன்னா ஊருல ஒருத்தனும் ஒண்ணும் சொல்ல மாட்டான். ஆறு பாடத்துல போயிடுச்சுன்னு தெரிஞ்சா, வூட்டு வாசல்ல வந்து துக்கம் விசாரிப்பான். அவ அம்மா தாங்க மாட்டா. எழுதிக் குடுங்க.”

பெற்றோர் விடமாட்டார்கள் என்று மூன்று வருடம் பேசினோமே, ஒரு பெற்றோரையாவது கூப்பிட்டுக் கேட்டோமா? அவருக்கு முன்னாலேயே உட்கார்ந்து கடிதத்தை டைப் செய்தேன். பதினேழாவது விதியைக் காட்டி, மார்க்‌ஷீட்டில் ‘ஆப்சென்ட்’ என்று வராது என்று எழுதினேன். பிரின்சிபால் கடிதத்திலும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டார். மாதையன் மகளைக் கூப்பிட்டு, வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார். பிறகு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “இப்ப போவட்டுங்க” என்றார்.

4. ரெண்டரை மணி

பாக்கி தேர்வுக் கட்டுப்பாட்டாளர் கையெழுத்து ஒன்றுதான். அவர் வெள்ளிக்கிழமை விடுப்பு. கம்பைநல்லூரில் அக்கா மகள் கல்யாணம். போனில் பிடித்தேன். “நாலு மணிக்கெல்லாம் காலேஜுக்கு வந்துடறேன்மா, அஞ்சு மணிக்குத்தானே” என்றார். சரி என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால் இருக்கும். சௌமியா ஜன்னலுக்கு வரவில்லை, நேராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“மேடம், அஞ்சு மணின்னா அவங்க ஊரு அஞ்சு மணி.”

“நமக்கு?”

“ரெண்டரைங்க.”

கட்டுப்பாட்டாளருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு போன் எப்படிக் கேட்கும்?

“உன் வண்டியில பெட்ரோல் இருக்குதா?”

“இருக்குது மேடம்.”

பீரோவைத் திறந்து கட்டுப்பாட்டாளர் முத்திரையை எடுத்தேன். வட்ட முத்திரை. அது அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இருபத்து நான்கு வருடத்தில் பக்கத்து அறைக்குக்கூட நான் கொடுத்ததில்லை. முத்திரை, இங்க் பேட், படிவம், விதிமுறைப் புத்தகம் எல்லாவற்றையும் கைப்பையில் திணித்தேன். எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. மாட்டினால் விசாரணைதான். சௌமியாவின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வெயிலில், தருமபுரி ஊருக்குள் புகுந்து, லாரிகளுக்கு நடுவே அந்தப் பெண் ஓட்டிய ஓட்டம்! “மெதுவா போ” என்று நான் சொல்ல வேண்டிய வயது. “அவனை ஒதுக்கிட்டுப் போடி!” என்று கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே அன்றுதான் தெரியும்.

மண்டபத்துக்குள் நுழையும்போது ஒன்று நாற்பது. கட்டுப்பாட்டாளர் பந்தியில் ரசத்தில் இருந்தார். நான் வரிசைக்குள் புகுந்து எதிரே போய் நின்றேன்.

“ஏம்மா, பந்தியில வந்து கையெழுத்து கேக்கறீங்களே!”

“ரெண்டரைக்குள்ள போகணும் சார். அவங்க ஊரு நேரத்த நாம பாக்கல.”

“இதுவரைக்கும் இப்படி ஒண்ணு செஞ்சதே இல்லியே. நாளைக்கு ஆடிட்ல கேட்டா என்ன சொல்றது?”

புத்தகத்தைத் திறந்து பதினேழாவது விதியை இலைக்கு மேலேயே பிடித்தேன். “கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. என் பேர்லயே நோட் போட்டு ஃபைல்ல வெச்சிருக்கேன். கை கழுவிட்டு வாங்க சார்.”

பக்கத்து இலைக்காரர் சிரித்துவிட்டார். “போட்டுக் குடு மாப்ள. அந்தம்மா சாமியாடற மாதிரி நிக்குது, பாயசமே எறங்கல எனக்கு.”

கட்டுப்பாட்டாளர் எழுந்தார். கை கழுவினார். தாம்பூலப் பை அடுக்கியிருந்த மேசையில் படிவத்தை வைத்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார். அந்த நிலையிலும் வாசித்தார், அதற்காக அவரை மதிக்கிறேன். கையெழுத்துப் போட்டார். நான் முத்திரையை எடுத்ததும் அவர் கண் விரிந்தது.

“இது எப்படி இங்க வந்துது?”

“ஸ்கூட்டியில வந்துது சார்.”

முத்திரையைக் குத்தினேன். சௌமியா போனிலேயே ஸ்கேன் செய்தாள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. மொட்டைமாடிக்கு ஓடினோம். மெயில் போகாமல் போனில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் மாடியில் சுற்றினேன். இரண்டு பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு இருபதுக்குப் பதில் வந்தது: கிடைத்தது, நன்றி.

அவள் கத்திய கத்தலில் கீழே சமையற்கட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார்கள். நானும் கத்தினேன். பிறகு கடைசிப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முத்திரையை மடியிலேயே வைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

5. மார்க்‌ஷீட்

சௌமியா போனாள், படித்தாள், வந்தாள், லேப் பரீட்சையும் எழுதினாள். அவளுடைய ஐந்தாவது செமஸ்டர் மார்க்‌ஷீட்டை நானே அச்சிட்டேன். ஐந்து பாடங்களுக்கு நேரே, ‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேர்ச்சி’ என்பதற்கான புதுக் குறி. அந்தக் கல்லூரியில் அதற்கு முன்னால் யாருடைய தாளிலும் வராத குறி.

என் பணியின் கடைசி வாரம் அது. பழைய கோப்பில் அருளின் நம்பரைத் தேடி எடுத்தேன். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். நான் யார் என்று சொன்னதும், “சொல்லுங்க மேடம், ஏதாவது சர்டிபிகேட் வாங்காம விட்டுட்டனா?” என்று பதறினான்.

“ஒண்ணும் விடலப்பா. நான்தான் உன்ன போக விடாம பண்ணிட்டேன். அன்னிக்கு விதியைப் பாக்காம பதில் சொன்னேன். விதி இருந்துச்சு. இப்ப ஒரு பொண்ணு அதை வெச்சுத்தான் தைவான் போய்ட்டு வந்திருக்கா. தப்பு என்னுது.”

அவன் பக்கம் மிஷின் ஓடும் ஒலி கேட்டது. அதற்கு மேலே குரலை உயர்த்திக் கேட்டான்:

“அந்தப் பொண்ணு மார்க்‌ஷீட்ல என்னங்க மேடம் வந்துது?”

இத்தனை நாளுக்குப் பிறகும் அவனுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. கையில் இருந்த தாளை எழுத்து எழுத்தாக வாசித்துக் காட்டினேன்.

“சரிங்க மேடம்” என்றான். பிறகு, “என் தங்கச்சி நம்ம காலேஜ்லதான் ரெண்டாவது வருசம் படிக்குது. நாளைக்கு அனுப்பி வெக்கறேன். நீங்க ஜன்னல்லதான இருப்பீங்க?”

“இருப்பேன்” என்றேன்.

அலுவலகங்களில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். இலவச டிக்கெட்டும் ஹாஸ்டலும் யாரையும் விமானத்தில் ஏற்றாது, திரும்பி வந்தால் தாளில் என்ன இருக்கும் என்று தெரியாதவரைக்கும். அந்தக் கேள்வியோடு ஒருவன் உங்கள் ஜன்னலுக்கு வருவான். வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பாதீர்கள். தலையை நிமிர்த்துங்கள், புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

மறுநாள் அருளின் தங்கை வந்தாள். தைவான் படிவம் கையில் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, அந்தப் புதுக் குறி தெரியும்படி கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.