நாற்பது வரை அடிக்காத டிரம்

காலை ஆறு இருபதுக்கு ஒதியம்பட்டில் ஷேர் ஆட்டோ ஏறினேன். வில்லியனூருக்கு இருபது ரூபாய், பெரிய டிரம்மையும் சேர்த்து.

ஏழு மணிக்குப் பாகூர் பஸ். கண்டக்டர் டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஆளு இல்லியே?"

"இல்ல."

"அப்ப லக்கேஜ்தான்." பத்து ரூபாய் போட்டார். எனக்குப் பதினைந்து.

மங்கலம், கரிக்கலாம்பாக்கம் வழி. இரண்டு பக்கமும் கரும்பு. மடியில் டிரம், அதனால் முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

போனது ஆரோக்கியத்தின் சாவுக்கு. அவர் எங்கள் பேண்டு செட்டில் டிரம்பெட். என் வயசு. நோட்டு எழுதத் தெரிந்தவர். சொந்தமாக ஒரு பாட்டு எழுதி வைத்திருந்தார். இரண்டு டிரம்பெட், ஒரு டிராம்போன், ஒரு யூபோனியம், என் டிரம். வார்த்தை கிடையாது. நாலு நிமிஷம்தான்.

அதில் டிரம்முக்கு ஒரு கண்டிஷன். நாலு தட்டுக்கு ஒன்று என்று நாற்பது எண்ணும் வரைக்கும் சும்மா இருக்கணும். அப்புறம்தான் முதல் அடி. எனக்கு நோட்டு தெரியாது, விரலில் எண்ணுவேன். மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். மூன்று தடவையும் முப்பதைத் தாண்டியதும் அடித்துவிட்டேன். அவர் காகிதத்தை மடித்தார்.

"விடுப்பா. உன் கை பொறுக்காது."

அதோடு சரி. உயிரோடு இருக்கும்போது அவர் அதை முழுசாகக் கேட்கவே இல்லை.

பாகூரில் இறங்கி ஆட்டோ. செலியமேட்டுக்கு அறுபது ரூபாய். வூட்டு வாசலில் அவர் சம்சாரம் வந்து நின்றது.

"அண்ணே, அவரு எழுதினத இன்னிக்கு முழுசா வாசிச்சுடுங்க."

"சரிம்மா."

பத்து மணிக்கு மாதா கோயிலில் பூசை முடிந்தது. கோயில் வாசலில் ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். கல்லறை முக்கால் கிலோமீட்டர். ஆரோக்கியத்தின் டிரம்பெட் பாகத்துக்குக் கடலூரில் இருந்து ஓர் ஆள் வந்திருந்தார். ஆரம்பித்தார்கள்.

ஒன்றை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. தூக்குகிறவர்கள் டிரம்மைக் கேட்டுத்தான் கால் வைப்பார்கள். டிரம் இல்லை. கால் எடுக்கவில்லை. பெட்டி அங்கேயே நின்றது.

பதினைந்து எண்ணும்போது சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. இருபத்திரண்டில் முன்னால் தூக்கினவர் கேட்டார்.

"யோவ் டிரம்மு, தூங்கிட்டியா?"

பின்னால் இருந்தவர், "பேட்டரி பூடுச்சு போல" என்றார். ஒருத்தர் சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுபோனது.

"அடிப்பா, தோளு கழலுது."

நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் எண்ணிக்கை போய்விடும். முப்பத்தொன்று. கோல் தானாக மேலே வந்தது. கீழே இறக்கித் தொடையில் அழுத்திப் பிடித்தேன். அவர் சம்சாரம் பெட்டியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தது. முப்பத்தைந்து. யூபோனியம் மட்டும் அடியில் போய்க்கொண்டிருந்தது. தூக்கினவர்கள் தலை குனிந்து நின்றார்கள்.

நாற்பது. அடித்தேன்.

ஆறு பேரும் ஒன்றாகக் கால் எடுத்து வைத்தார்கள். பெட்டி நகர்ந்தது. பாட்டு முடிந்த பிறகும் மெதுவாக அடித்துக்கொண்டே போனேன். கல்லறை வரைக்கும் கால் தப்பவில்லை.

ஒன்றரைக்குத் திரும்புகிற பஸ். பாகூர் ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. எங்கள் பக்கம் இவ்வளவு இல்லை.

வூட்டுக்கு வந்தபோது மணி மூன்று. டிரம்மை இறக்கி வைத்தேன். என் சம்சாரம் தண்ணி கொடுத்தது.

"இன்னா, நல்லா அடிச்சியா?"

"நாப்பது வரைக்கும் அடிக்கல," என்றேன்.