இடித்த லயத்து முகவரி

சிறிய நகராண்மைக் கழகங்களுக்கு அரசு மானியத்தை எப்படிப் பிரிப்பது என்று பேசிய கூட்டத்தில்தான் அவரைப் பார்த்தேன். புஞ்சாக் ஆலாம் ஊர்ப் பக்கத்துக் கழகமொன்றின் அதிகாரி. ஒல்லியான உடம்பு, நரைத்த மீசை. அவர் உட்காரவே இல்லை. கார்ச் சாவியைக் குலுக்கியபடி சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

அடையாள அட்டை முகவரிப்படி ஆட்களை எண்ணி மானியத்தைப் பிரிக்கலாம் என்றேன்.

“ஐசி அட்ரஸ நம்பாதீங்க சார். தோட்டமெல்லாம் காலி. சனம் பூரா எங்க ஊர்லதான் இருக்கு, குப்பையும் எங்ககிட்டதான் சேருது லா.”

“உங்க ஐசில எந்த அட்ரஸ்?”

சாவிச் சத்தம் நின்றது. “புக்கிட் ரோத்தான் பக்கம், தோட்டத்து லயத்து வீடு. அத இடிச்சு ரொம்ப நாளாச்சு.”

“ஏன் மாத்தல?”

“மாத்திட்டா, தோட்டத்து அம்மன் திருவிழாவுல வெளியூர்க்காரன்னு சொல்லிருவாங்களே.”

அவர் கேட்டபடி, வசிக்கும் இடத்தை வைத்தே எண்ணுவது என்று முடிவானது. அவர் எங்கே வசிக்கிறார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.